விதியும் வடிவமும்: பொழுதுபோக்கு நிரலாளரின் விளையாட்டுப் பரிசோதனைகள் பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

ஈழத்துத் தமிழ் நாவலின் வரலாற்றை எழுதப் புகுவோர் 1885ஆம் ஆண்டில் வெளிவந்த சித்திலெப்பையின் அசன்பேயுடைய சரித்திரத்திலிருந்து தொடங்குவது வழக்கம். அதனை எழுதியவர் நாவலாசிரியர் என்ற தொழிலைக் கொண்டவரல்லர். அப்படியொரு தொழில் அன்று இந்நாட்டுத் தமிழிலே இருக்கவுமில்லை. அவர் வழக்கறிஞர், முஸ்லிம் நேசன் பத்திரிகையை நடத்தியவர், கல்விச் சீர்திருத்தத்துக்காக உழைத்தவர். புதிய கலைவடிவமொன்று ஒரு சமூகத்துள் நுழையும்போது, பெரும்பாலும் வேறு தொழில் செய்வோரின் ஓய்வு நேரத்தினூடாகவே அது நுழைகிறது. கணினி விளையாட்டுக்கும் நேர்ந்தது இதுவே. ஆனால் நாவலைச் சமூகவியல் நோக்கில் விரிவாக ஆராய்ந்த கைலாசபதியின் தமிழ் நாவல் இலக்கியம் 1968இலேயே வெளிவந்தது என்பதை நினைவிற் கொண்டால், கணினி விளையாட்டைப் பற்றித் தமிழ்த் திறனாய்வு இன்னும் வாய் திறவாதிருப்பதில் வியப்பதற்கு அதிகமில்லை.

வாய் திறந்த சிலரும் இருவகைப்படுவர். ஒரு சாரார் மாணவரின் படிப்புக் கெடுகிறது என்பர். மற்றொரு சாரார் ஓவியம், இசை, கதை ஆகியவற்றின் சிறப்பைக் கூறி, இதுவும் திரைப்படத்தைப் போன்றதொரு கலையே என்று வாதிடுவர். முரண்பட்டவையாகத் தோன்றும் இவ்விரு கூற்றுகளும் ஒரே பிழையிலிருந்து பிறப்பவை. விளையாட்டை விளையாட்டாக நோக்காது, அதன்மேற் போர்த்தப்பட்டதை மட்டும் நோக்குதலே அப்பிழை. நாடகத்தைத் திறனாயப் புகுந்தவர் திரைச்சீலையின் நிறத்தைப் பற்றி மட்டும் எழுதினால் அதனை எவரும் திறனாய்வு எனக் கொள்ளார்.

கல்முனைக் கடற்கரை மணலிலே கிளித்தட்டு விளையாடுவோருக்கு எந்தப் போர்வையும் தேவைப்படுவதில்லை. காலால் கீறிய சில கோடுகள், இரு கட்சிகள், குறுக்குக் கோடுகளிற் காவல் நிற்போர், நடுக்கோட்டில் ஓடித் திரியும் 'கிளி', அவ்வளவே. கோட்டில் நிற்பவன் கோட்டை விட்டு விலகலாகாது; உள்ளே நிற்பவன் தொடப்படாமற் கடக்க வேண்டும். இவ்விரு விதிகளிலிருந்தே ஏமாற்று, காத்திருப்பு, ஒருவர் பிறருக்காகத் தன்னைப் பணயம் வைத்தல், காவலனின் தனிமை ஆகிய யாவும் பிறக்கின்றன. அவற்றை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆடுவோர் விதிக்குள் நின்று உண்டாக்குகின்றனர். விளையாட்டின் பொருள் அதன் விதியிலேயே உள்ளது. கணினி இதனை மாற்றவில்லை. மணலிற் கீறிய கோட்டை நிரலில் எழுதிய வரியாக ஆக்கியது மட்டுமே அது செய்த மாற்றம். ஆயினும் அம்மாற்றம் சிறியதன்று. மணற்கோட்டைப் பற்றிச் சண்டையிடலாம். அழித்து வேறிடத்திற் கீறலாம். நிரலில் எழுதப்பட்ட விதியோ ஆடுபவனோடு வாதிடுவதில்லை. ஆகவே அதனை எழுதியவன் எத்தகையவன், எங்கிருந்து உலகை நோக்குகிறான் என்ற வினா இங்கே கூடுதலான கனம் பெறுகிறது.

பெரும் நிறுவனங்களின் விளையாட்டுகளில் இவ்வினாவை எழுப்புவது எளிதன்று. நூற்றுக்கணக்கானோரின் உழைப்பும் பெருந்தொகையான முதலும் விதியின்மேற் படிந்து அதனை மறைத்துவிடுகின்றன. பொழுதுபோக்காக நிரல் எழுதுபவனிடமோ முதலும் இல்லை, ஓவியனும் இல்லை, நேரமும் இல்லை. எஞ்சுவது விதி ஒன்றே. வறுமை ஒரு கலைக் கொள்கையாக மாறும் விந்தையை இங்கே காணலாம். 1984ஆம் ஆண்டில் மொஸ்கோவிலே சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணினி மையத்திற் பணிபுரிந்த அலெக்சி பஜித்நொவ் டெட்ரிஸ் விளையாட்டை முதலில் ஆக்கிய எலெக்ட்ரோனிகா 60 என்னும் இயந்திரத்திற் படம் வரையும் வசதியே இருக்கவில்லை. அடைப்புக்குறிகளை அடுக்கியே அவர் கட்டங்களைக் காட்டினார். நான்கு சதுரங்களால் ஆன 7 உருக்கள், கீழே விழுதல், நிரம்பிய வரி மறைதல் என்பவற்றுக்கு அப்பால் அதில் எதுவுமில்லை. அது உலகெங்கும் பரவியபின் சேர்க்கப்பட்ட நிறங்களும் இசையும் அவ்விதிகளிற் பெரிதாக எதனையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

டெட்ரிஸ் தூய வடிவம். அதில் மனிதர் இல்லை. மனித வாழ்வு விதியாக மாறிய இடத்தைக் காண அதற்குச் சில ஆண்டுகள் முன்னே செல்ல வேண்டும். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் கணினி வலைப்பின்னலின் தொடக்க வேலைகளில் ஈடுபட்டிருந்த வில் குரௌதர் என்ற நிரலாளர் குகைகளை ஆராய்வதில் நாட்டம் மிக்கவர். கென்டக்கியிலுள்ள மாமத் குகையின் ஒரு பகுதியை அவரும் அவருடைய மனைவியும் நுணுக்கமாக அளந்து வரைபடமாக்கியவர்கள். மணமுறிவுக்குப் பின், தம் பெண்மக்கள் விளையாடுவதற்காக 1975-76 காலப்பகுதியில் அவர் அக்குகையைச் சொற்களால் மட்டும் அமைத்து ஒரு விளையாட்டாக எழுதினார். ஆடுபவர் இரண்டொரு சொற்களைத் தட்டினால், கணினி அடுத்த அறையை விவரிக்கும். 1977இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொன் வூட்ஸ் குரௌதரின் அனுமதியோடு அதனை விரிவாக்கினார். பின்னர் எழுந்த சாகச விளையாட்டுகள் பலவற்றுக்கும் இதுவே மூலமாயிற்று.

இதனைப் போற்றுவோர் அந்த வரலாற்று முதன்மையையே எடுத்துரைப்பர். திறனாய்வாளன் நோக்க வேண்டியதோ வேறு. குகைக்குள் நடந்தவனுக்கு மட்டுமே தெரியக்கூடிய ஒரு செய்தி அவ்விளையாட்டின் அமைப்பிலேயே உள்ளது: போன வழியே திரும்பி வர முடியாது என்பது. வடக்கே சென்று, பின் தெற்கே திரும்பினால் புறப்பட்ட இடம் வாய்க்காத அறைகள் அதிலுண்டு. வளைந்து செல்லும் பாதையின் அனுபவம் விதியாக மாறியிருக்கிறது. குகையின் அழகை வருணிக்கும் நூறு பக்கங்கள் செய்ய முடியாததை இந்த ஒரு விதி செய்கிறது. வழி தவறுவது எப்படியிருக்கும் என்பதை ஆடுபவனே வழி தவறி அறிகிறான். பொழுதுபோக்கு நிரலாளனின் பரிசோதனை கலையாகும் தருணம் இதுவே: தன் வாழ்விலே தான் அறிந்த ஒரு கட்டுப்பாட்டை, பிறர் உட்புகுந்து உணரத்தக்க கட்டுப்பாடாக ஆக்குதல்.

எனினும் விதிக்கு ஒரு நோக்குநிலை உண்டு. அது எப்போதும் நடுநிலையானதன்று. இதனை விளக்குதற்கு, நெல் விளையும் இக்கரையோரத்தார்க்கு எளிதிற் புரியக்கூடிய எடுத்துக்காட்டு ஹமுராபி என்னும் சிறு விளையாட்டு. 1964இல் நியூயோர்க் மாநிலப் பாடசாலை ஆசிரியை மேபல் அடிஸ், ஐபிஎம் நிறுவனத்தோடு இணைந்து, சுமேரிய நாகரிகத்தைக் கற்பிப்பதற்காக ஒரு விளையாட்டை ஆக்கியிருந்தார். அதனைக் கேள்வியுற்ற டக் டைமன்ட் என்ற நிரலாளர் 1968இல் அதன் கருவைச் சுருக்கி ஒரு சிறு நிரலாக எழுதினார். டேவிட் ஆல் அதனைப் பேசிக் மொழிக்கு மாற்றி, 1973இல் வெளிவந்த தமது 101 விளையாட்டுகளின் தொகுப்பிற் சேர்த்தார். 1978இன் மறுபதிப்புக்குப் பின் அத்தொகுப்பு 10 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. எத்தனையோ இளைஞர் அந்நூலைப் பக்கத்தில் விரித்து வைத்து, வரி வரியாகத் தட்டச்சிட்டு, பிழை திருத்தி, பின் தம் விருப்பப்படி மாற்றி, நிரலாக்கம் கற்றனர்.

விளையாட்டின் அமைப்பு எளிது. ஆடுபவன் அரசன். 100 குடிகள், 1,000 ஏக்கர் நிலம், 2,800 புசல் தானியம் அவனிடமுண்டு. (புசல் இக்கரையோர விவசாயிக்கு அந்நியமான அளவன்று.) ஒவ்வோர் ஆண்டும் நிலம் வாங்குவதா விற்பதா, குடிகளுக்கு எவ்வளவு உண்ணக் கொடுப்பது, எவ்வளவு நிலத்தில் விதைப்பது என்பவற்றைத் தீர்மானிக்க வேண்டும். ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 20 புசல் உணவு. ஓர் ஆள் 10 ஏக்கர் வரையில் வேலை செய்வான். ஒரு புசல் விதை 2 ஏக்கருக்குப் போதும். ஏக்கரின் விலை 17 முதல் 26 புசல் வரை ஆண்டுதோறும் மாறும். சில ஆண்டுகளில் எலிகள் தானியத்தை உண்ணும். கொள்ளைநோய் வந்தாற் குடிகளிற் பாதிப்பேர் இறப்பர். ஓராண்டில் 45 சதவீதத்துக்கு மேல் பட்டினியால் இறந்தால் அரசன் பதவி இழப்பான். 10 ஆண்டுகள் தாக்குப் பிடித்தால், இறந்தோர் விகிதத்தையும் ஆளுக்கு எத்தனை ஏக்கர் எஞ்சியது என்பதையும் கணக்கிட்டு, அவனை நீரோவோடோ சார்லமேனோடோ ஒப்பிட்டுத் தீர்ப்பு வழங்கும். நிரலின் நீளம் நூற்றுச் சொச்சம் வரிகள்.

இந்நூற்றுச் சொச்சம் வரிகளில் ஓர் அரசியற் பொருளாதாரம் முழுவதும் அடங்கியிருப்பது மனங்கொள்ளத்தக்கது. நிலம் யாருடையது என்ற வினா இங்கே இல்லை, அது அரசனுடையது. விளைவைப் பங்கிடுவது பற்றிய தகராறு இல்லை. கொடுப்பவன் அரசன், உண்பவர் குடிகள். குடிகள் பேசுவதில்லை, மறுப்பதில்லை, வேறு ஊருக்குப் பெயர்வதுமில்லை. பட்டினியால் இறந்தோரின் தொகை ஆண்டறிக்கையின் முதல் வரியில் வருகிறது. அடுத்த வரியிலே நகருக்குப் புதிதாய் வந்தோரின் தொகை வருகிறது. நிலமும் தானியமும் மிகுந்தால் வருவோரும் மிகுவர் என்பது விதியாதலால், இறந்தவரின் இடத்தை எண் ஒன்று நிரப்பிவிடுகிறது. சிறிதளவு பட்டினியைப் பொறுத்துக்கொண்டு நிலத்தைப் பெருக்குவதில் உள்ள கவர்ச்சியை, இதனை நாலைந்து முறை ஆடிய எவரும் உணர்வர். கொடுங்கோன்மையைக் கண்டித்து நாவல் எழுதிய எவராலும், வாசகனைச் சில நிமிடம் கொடுங்கோலனாகவே ஆக்கிக் காட்ட இயன்றதில்லை. ஆயின் ஹமுராபி இதனை அறிந்து செய்ததா என்பது ஐயமே. குடிகளின் பக்கத்தில் நின்று ஆடும் வழியொன்றை அது எண்ணிப் பார்க்கவேயில்லை.

இதில் இல்லாத இன்னொன்று, இக்கரையோரத்தவரின் கண்ணுக்கு உடனே புலப்படும். நீர் இல்லை. அம்பாறை மாவட்டத்து நெல்வாழ்வின் மையம் நீர்ப்பங்கீடு. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் சேனநாயக்க சமுத்திரத்தை உருவாக்கி இப்பிரதேசத்தின் நீர்வழிகளை மாற்றி அமைத்தது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாயிற்று. வாய்க்காலின் தலைப்பகுதியில் இருப்பவனுக்கு நீர் மிகையாகவும், கடைக்கோடியில் இருப்பவனுக்கு ஐயமாகவும் வருவது எந்த நீர்ப்பாசனத்திலும் உள்ள நிலை. கல்லோயாவின் இடதுகரையில் 1981 முதல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து விவசாயிகளைச் சிறு குழுக்களாக அமைத்தபோது, தலைப்பகுதி விவசாயிகள் கடைக்கோடியாருக்கு நீரை விட்டுக்கொடுத்த நிகழ்ச்சிகள் ஆராய்ச்சியாளர்களால் விரிவாகப் பதிவு செய்யப்பட்டுள்ளன. மேலே சிங்களவரும் கீழே தமிழருமாக இருந்த இடங்களிலும் இது நிகழ்ந்தது என்பது அப்பதிவுகளின் சிறப்பு.

பொழுதுபோக்கு நிரலாளன் ஒருவன் ஹமுராபியை எடுத்து, அரசனின் பெயரைப் போடியார் என்றும், தானியத்தை நெல் என்றும், எலியைக் காட்டு யானை என்றும் மாற்றினால் அது அம்பாறை விளையாட்டாகிவிடுமா? ஆகாது. உடை மாறிற்று, உடல் மாறவில்லை. இங்கே தேவைப்படுவது விதிமாற்றம். எடுத்துக்காட்டாக, ஒரே வாய்க்காலில் பத்து வயல்கள். ஆடுபவன் பத்தாவது வயலுக்குரியவன். மேலுள்ள ஒன்பது பேர் எடுத்தது போக எஞ்சிய நீரே அவனுக்கு. அவர்களிடம் கேட்கலாம், இரவில் மதகைத் திருடித் திறக்கலாம், கூட்டங் கூட்டலாம். திருடினால் அடுத்த போகத்தில் எவரும் அவனுக்குச் செவி கொடார். இவ்வளவையும் நூற்றைம்பது வரிகளில் எழுதலாம். ஹமுராபியின் அரசன் கற்காத ஒன்றை இதில் ஆடுபவன் கற்பான்: தன் விளைச்சல் தன் முயற்சியில் மட்டும் தங்கியதன்று. இத்தகைய விளையாட்டு பத்தாவது வயலில் நின்று பார்த்தவனாலேயே எழுதப்படக்கூடும். பல்தேசிய நிறுவனம் அவ்வயலைத் தேடி வரப்போவதில்லை.

சிறிதாக, விரைவாக, பலவாக ஆக்குதல் என்னும் முறைக்கு ஒரு கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர்கள் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழக மாணவர் நால்வர். 2005இல் அவர்கள் தமக்குத் தாமே மூன்று கட்டுப்பாடுகளை விதித்தனர்: ஒவ்வொரு விளையாட்டும் 7 நாட்களுக்குள் முடிய வேண்டும், ஒருவரே ஆக்க வேண்டும், ஈர்ப்பு, தாவரம் போன்ற ஒரு பொதுக்கருவைச் சுற்றி அமைய வேண்டும். ஒரே தவணையில் ஐம்பதுக்கு மேற்பட்ட விளையாட்டுகள் பிறந்தன. அவற்றுட் பல தோல்விகள். கைல் காப்லர் ஆக்கிய பசைக் கோபுரம் ஒன்று மட்டும் 2008இல் வேர்ல்ட் ஒவ் கூ என்ற புகழ்பெற்ற விளையாட்டாக வளர்ந்தது. முறை போற்றத்தக்கது, கருக்களைப் பற்றி ஒரு தடை உண்டு. அவை பெரும்பாலும் பௌதிகக் கருக்கள். கடன், வாடகை, வரிசையில் நிற்றல், பெயர்ப்பதிவு, கடவுச்சீட்டு என்பனவும் ஈர்ப்பைப் போலவே மனிதரை இழுத்துப் பிடிப்பவைதாம். அவை அந்நால்வரின் பட்டியலில் இடம்பெறாமைக்கு, அவர்கள் வாழ்ந்த வாழ்வே காரணம் எனலாம்.

தமிழ் வாழ்வை விதியாக்கும் முயற்சியில் இதுவரை குறிப்பிடத்தக்கது 2023இல் வெளிவந்த வெண்பா. கனடாவின் டொரொன்டோவிலுள்ள விசை என்ற சிறு குழுவின் படைப்பு அது. ஆகவே கண்டிப்பான பொருளிற் பொழுதுபோக்கு முயற்சியன்று. எனினும் அளவாலும் மனப்பாங்காலும் அம்மரபைச் சேர்ந்தது. 1980களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் தம்பதியரும் அவர்களுடைய மகன் கவினும் அதன் பாத்திரங்கள். தாயார் கொடுத்த சமையற் குறிப்பேடு சிதைந்து, சொற்கள் பல அழிந்துபோயுள்ளன. எஞ்சிய துண்டுகளைக் கொண்டு சமையலின் ஒழுங்கை ஆடுபவர் ஊகித்தறிய வேண்டும். இட்லித் தட்டுகளை அடுக்கும்போது துளைகள் எவ்வாறு அமைந்தால் ஆவி மேலெழும், குழலிற் புட்டை எவ்வொழுங்கில் நிரப்புவது என்பன அதன் புதிர்கள். 2024இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைகள் கழகத்தின் அறிமுக விளையாட்டுக்கான விருது அதற்குக் கிடைத்தது.

அழிந்த குறிப்பேடு என்பது வெறும் கதைப்பொருளன்று, அதுவே விதி. தாய்மொழியும் தாயின் கைப்பக்குவமும் தலைமுறை தாண்டுகையில் இடையிடையே ஓட்டை விழுந்தே வந்து சேர்கின்றன என்பதை, ஓட்டை விழுந்த குறிப்பை வாசிக்கவைத்தே அவ்விளையாட்டு உணர்த்துகிறது. வளர்ந்த கவின் அதே ஏட்டைத் திறந்து தமிழ் வாசிக்கத் தடுமாறும் பகுதியில் இது உச்சத்தை அடைகிறது. அங்கே ஓட்டை ஏட்டில் இல்லை, வாசிப்பவனிடத்தில் உள்ளது. ஆயினும் சமையலறைக்கு வெளியே விளையாட்டு கதையாகச் சுருங்கிவிடுகிறது. உரையாடலில் ஆடுபவர் எதனைத் தெரிந்தாலும் குடும்பத்தின் கதி பெரிதும் மாறுவதில்லை. வேலை தேடுதல், அவமதிப்பு, மகனின் விலகல் ஆகிய கடினமான செய்திகள் விதியாக மாறாமல் காட்சிகளாகவே கடந்து போகின்றன. இட்லி விதியாயிற்று, புலம்பெயர்வு ஆகவில்லை. இக்குறையைச் சொல்வது அப்படைப்பின் மதிப்பைக் குறைப்பதாகாது. அடுத்து எழுதுபவன் எங்கே தொடங்கலாம் என்பதைக் காட்டுவதாகும்.

அடுத்து எழுதுபவன் கல்முனையிலோ மருதமுனையிலோ நிந்தவூரிலோ இருப்பானாயின், அவன் கையில் என்ன உண்டு? 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டே தென்கிழக்குப் பல்கலைக்கழகமாகிய நிறுவனம் ஒலுவிலில் உள்ளது; கணினியியல் பயின்றோர் ஊர்தோறும் உளர். கருவிகளுக்கும் பஞ்சமில்லை. ஆர்ஜென்ரீன நாட்டவர் இருவர் உருவாக்கி 2014இல் எவரும் இலவசமாகப் பயன்படுத்தத் திறந்துவிட்ட கோடோ என்ற விளையாட்டியந்திரம் பழைய கணினியிலும் ஓடும். (சாமுவேல் பெக்கட்டின் நாடகத்திலிருந்து அதற்குப் பெயரிட்டனர், வராதவனுக்காகக் காத்திருத்தல் என்ற பொருளில் அப்பெயர் நிரலாளர்க்கு நன்கு பொருந்தும்.) ஆனால் அதே கருவியில் நெடுங்காலம் தமிழைச் சரியாக எழுத முடியவில்லை. ஒருங்குறியில் உயிர்மெய்யின் குறி மெய்யெழுத்தின் பின்னரே சேமிக்கப்படுகிறது. திரையில் வரைகையிலே கொம்பை முன்னே கொணர்வது எழுத்து வடிவமைக்கும் நிரலின் பொறுப்பு. அந்நிரல் இல்லாத இயந்திரத்தில் 'கெ' என்பதன் கொம்பு பின்னே விழுந்தது. 2023 மார்ச்சில் வந்த நான்காம் பதிப்பிலேயே கோடோவில் இக்குறை நீங்கிற்று. அதுவரை சொற்களைப் படங்களாக ஒட்டுவது ஒரு வழி. கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலேயே எழுத்துகளைத் தட்டச்சிடும் பழைய பாமினி எழுத்துருவுக்குத் திரும்புவது இன்னொரு வழி. உலகப் பொதுவானது என அறிவிக்கப்பட்ட ஒரு கருவியின் அடிநிலை விதியில், கொம்பு முன்னே வரும் மொழிகள் எண்ணப்படாமலே இருந்தன. ஆங்கிலத்திலேயே எழுதிவிடுவோம் என்று பலர் முடிவு செய்ததற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று.

கருவி கிடைத்தபின் எஞ்சுவது கரு. மருதமுனையின் கைத்தறி ஒன்று. பாவும் ஊடும் எவ்வொழுங்கில் மேலெழுந்து தாழ்கின்றன என்பதே துணியின் கோலத்தைத் தீர்மானிக்கிறது. 1804இல் ஜக்கார்டு தம் தறிக்குப் பயன்படுத்திய துளையட்டையைத்தான் பின்னர் சார்ள்ஸ் பாபேஜ் தம் கணிப்பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். நெசவாளியின் அறிவும் நிரலாளனின் அறிவும் உறவினர். கரைவலை இன்னொன்று. இரு முனைகளையும் இரு கூட்டத்தார் கரையில் நின்று இழுக்கையில், ஒரு பக்கம் முந்தினால் வலை சாய்ந்து மீன் தப்பும். இரு பக்கத்தையும் ஒரே தாளத்தில் வைத்திருப்பது அம்பாப் பாட்டு. இருவர் ஒரே திரையின் முன் அமர்ந்து ஆடும் தாள விளையாட்டொன்றுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. பிடிபட்டதை வலைக்குரியவருக்கும் இழுத்தோருக்கும் பிரிக்கும் கணக்கை இறுதியிற் சேர்த்தால், அது இனிய தாளத்தோடு மட்டும் நின்றுவிடாது.

மூன்றாவது கரு கடினமானது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. நாட்டிலேயே மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை, 10,000க்கு மேற்பட்டோர். மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கடலோர வீதிகள் அப்படியே இல்லாமற் போயின. இதனை விளையாட்டாக்க எண்ணுபவனின் மனத்தில் முதலில் தோன்றக்கூடியது, துரத்தி வரும் அலையும் ஓடித் தப்பும் உருவமும் புள்ளிக் கணக்குமே. கைப்பேசி விளையாட்டுகளின் வாய்ப்பாடு அது. அவ்வாறு ஆக்கப்படுமாயின் அது இகழ்ச்சிக்குரியது. துயரைக் காட்டியமை அதற்குக் காரணமன்று. ஓடத் தெரிந்தவன் தப்புவான் என்ற பொய்யை விதியாக்கியமையே காரணம். அன்று தப்பியவர் திறமையால் தப்பியவரல்லர் என்பதை இக்கரையோரத்திற் குழந்தையும் அறியும்.

ஆனால் அலைக்குப் பின் வந்த ஒரு விதி உண்டு. அது எழுதப்பட்ட விதி. கடலிலிருந்து குறித்த தூரத்துக்குள் மீண்டும் வீடு கட்டலாகாது என அரசாங்கம் அறிவித்தது: தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக, இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் வீட்டோடு வீடு ஒட்டி வாழும் ஊர்களில், 200 மீற்றர் என்பது கணக்கேட்டில் உள்ள எண்ணன்று. கோட்டுக்கு உட்பட்டவன் தன் காணியில் குடிசை போட முடியாது. கோட்டுக்கு வெளியே அவனுக்குக் காணி இல்லை. நிவாரண வீடு எந்தப் பக்கத்தானுக்கு எவ்வாறு கிடைக்கும் என்பதும் அக்கோட்டையே பொறுத்தது. பின்னர் விதி தளர்த்தப்பட்டது. அதற்கிடையில் எத்தனையோ முடிவுகள் எடுக்கப்பட்டுவிட்டன.

கிளித்தட்டைப் போலவே மணலின்மீது கீறப்பட்ட கோடுதான் இதுவும். இங்கே அலை காட்டப்பட வேண்டியதில்லை. ஒரு சதுரத்தாள் போன்ற திரை, வலப்புறம் நீலம், இடப்புறம் பச்சை, நடுவே சாம்பல் நிறப் புள்ளிகளாக வீடுகள், அவற்றினூடே ஒரு கோடு. டெட்ரிஸைவிடக் குறைந்த வசதியே போதும். குடும்பங்களுக்கு ஆள்தொகை உண்டு, தொழில் உண்டு, காணி உண்டு; மீன்பிடிப்பவன் கடலிலிருந்து விலகினால் நாள்தோறும் ஏதோ ஒன்றை இழப்பான்; வயலை நிரப்பி வீடு கட்டினால் வயலுக்குரியவன் இழப்பான். கோடு ஒருநாள் நகரும். எந்நாள் என்பது ஆடுபவனுக்குத் தெரியாது. ஒரு மாணவன் ஒரு விடுமுறைக்குள் எழுதி முடிக்கத்தக்கது இது. சிறுகதைக்கும் கவிதைக்கும் பக்கம் ஒதுக்கும் பல்கலைக்கழக இதழ்கள், டேவிட் ஆலின் தொகுப்பைப் போல, அந்நிரலை அச்சிடவும் கூடும்.

ஹமுராபியின் முன் நின்ற வினா இங்கே மீண்டும் வரும். சுட்டியை ஆடுபவன் கையிற் கொடுக்கும்போது, அது கோட்டைக் கீறும் அதிகாரியின் எழுதுகோலாக இருக்குமா, கோட்டுக்கு உள்ளே 140ஆவது மீற்றரில் அத்திவாரம் மட்டும் எஞ்சியிருக்கும் வளவின் சொந்தக்காரனுடைய கையாக இருக்குமா என்பதை நிரலின் முதற் பக்கத்திலேயே தீர்மானித்தாக வேண்டும். முன்னதை எழுதுவது எளிது. அதற்கு நூறு முன்மாதிரிகள் உண்டு. பின்னதில் ஆடுபவனுக்குச் செய்ய இருப்பவை சிலவே: படிவம் நிரப்புதல், காத்திருத்தல், பக்கத்து வளவுக்காரனோடு பேசுதல், இரவில் நான்கு கம்பு நட்டுத் தகரம் போடுதல், காலையில் அது பிடுங்கப்படுமா என்று பார்த்தல்.